யூரியா எவ்வளவு என்று கேட்டேன்

நான் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியன். இப்போது வட்டக்கச்சிக் கமக்காரருக்குக் கிழமையில் இரண்டு நாள் ஆலோசனை சொல்கிறேன். இளம் போதனாசிரியர்களுக்காக என் பிழை ஒன்றை எழுதுகிறேன்.

இந்தக் காலபோக நெற்செய்கையில் செல்வராணி என்ற கமக்காரப் பெண் கைபேசியில் ஒரு படத்துடன் வந்தார். அவருக்கு இருப்பது ஒரு ஏக்கர் வயல்தான். நெல்லில் வட்டம் வட்டமாக மஞ்சள்.

"ஐயா, ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"சேத்துக்கை இறங்குவான் ஏன் பிள்ளை? பசளை காணாது போலை. இதிலையே பாப்பம்."

செயற்கை நுண்ணறிவுத் தேடலில், 'மஞ்சளான நெல்லுக்கு எவ்வளவு யூரியா போட வேண்டும்?' என்று எழுதினேன். அளவு வந்தது. அதன் கீழே, முதலில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு வரி இருந்தது. அந்த வரி வரை நான் வாசிக்கவில்லை. என் ஊகம் சரியென்று எடுத்துக்கொண்டு, அந்த அளவைப் போடச் சொல்லி அனுப்பினேன்.

பத்தாம் நாள் மறுபடி வந்தார்.

"போட்டனான் ஐயா. கருகிக்கொண்டு போகுது. பிறகு நானும் போனிலை அந்தத் தேடலிலை கேட்டனான்."

"என்னண்டு கேட்டனீங்கள்?"

"கண்டதைத்தான் சொன்னனான். வட்டமா எரியுது, யூரியா போடக் கூடுது, என்னவா இருக்கும், எப்பிடிப் பாத்து அறியிறதெண்டு. மூண்டு காரணம் சொல்லிச்சு. ஒண்டொண்டாப் பாத்தன். நெல்லின்ரை தூரைத் தட்டினா, தண்ணியிலை கபிலத் தத்திப் பூச்சி கொட்டுண்டுது."

தூரைத் தட்டிப் பூச்சி பார்ப்பது, முப்பது வருடம் நான் கமக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. யூரியா கூடினால் தத்தி பெருகும் என்பதும் எனக்குத் தெரியும். பதில் உடனே கிடைத்த மிதப்பில் இரண்டையும் நான் நினைக்கவில்லை.

"பிழை என்ரை, பிள்ளை."

"அதைப் பிறகு கதைப்பம். இப்ப சப்பாத்தைக் கழட்டுங்கோ."

அன்றே வயலில் இறங்கினேன். தண்ணீரை வடியவிட்டு, தூரில் படும்படி மருந்து அடித்தோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை போய் நானே தூர் தட்டினேன். அரை ஏக்கர் தப்பியது. மற்ற அரை ஏக்கர் என்னால் அழிந்தது.

கமக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னேன்.

"அப்ப போன் பொய் சொன்னதோ ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை. எவ்வளவு யூரியா எண்டு கேட்டன், சொல்லிச்சு. பயிருக்கு என்ன எண்டு நான் கேக்கவேயில்லை."

இனி வயலைப் பார்க்காமல் எதையும் தேடமாட்டேன். என் கேள்வியில் பசளையின் பெயரோ நோயின் பெயரோ இருக்காது. கண்டது மட்டும் இருக்கும்.