கடைசி நுரைக்கூடு

குட்டையின்மேல் சாய்ந்திருந்த புங்கங்கிளையில் அந்த நுரைக்கூட்டைப் பார்த்தபோது, யாரோ துணி துவைத்துவிட்டுச் சோப்பு நுரையை வீசிவிட்டுப் போனதாகத்தான் நினைத்தேன். தொடப்போன என் கையைத் தட்டிவிட்டு, அது மரத்தவளையின் கூடு என்றாள் அக்கா. அவள் அப்போது திருப்பதியில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மரத்தவளைக்கு விரலின் கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு குருத்தெலும்பு உண்டு, அதையும் ஓர் அடையாளமாகக் கொண்டுதான் தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள் என்பாள். பெண் தவளை தண்ணீருக்கு மேலே நுரையடித்து அதற்குள் முட்டையிடும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். எங்கள் வறண்ட பக்கத்தில் அவை முட்டையிலிருந்து தவளையாகும்வரை கூடவே இருந்து பார்த்து எழுதுவதுதான் அவள் ஆராய்ச்சி.

எங்கள் வரதய்யபாளையம் பக்கம் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. குட்டையை மூட மண் லாரிகள் நின்றன. மிஞ்சியது அந்த ஒரு கூடுதான். அக்கா அதைக் கிளையோடு வெட்டிவந்து எங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு மேலே கட்டினாள். "யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

மழை பொய்த்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் உலக்கையில் தவளையைக் கட்டி வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். கப்பத்தல்லி, அதாவது தவளைத் தாய் என்று பேர். வந்த வீட்டில் அதன்மேல் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அம்மா கூட்டில் கை வைக்கவில்லை. மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடம் குடமாக அதன்மேல் ஊற்றிவிட்டாள். நுரை கரைந்து, உருப்பெறாத முட்டைகள் தொட்டியின் அடியில் படிந்தன.

திரும்பிவந்த அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கப்பத்தல்லி நம்ம வூட்டுக்கே வந்துக்கீறா, சும்மா பாத்துக்கினு இருக்கலாமான்னு ஊத்தினேன்டி" என்றாள் அம்மா. அக்கா கத்தித் தீர்த்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் குட்டையும் இல்லை, தவளையும் இல்லை. அக்கா ஆராய்ச்சியை விட்டுவிட்டு, சென்னையில் கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள். மகள் அமெரிக்காவில் இருப்பதை நைனா ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

அம்மா தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா வைத்தாள். அது வளர்ந்து தண்ணீருக்கு மேலே சாய்ந்திருக்கிறது. அந்தத் தொட்டியில் இப்போது யாரும் துணி துவைக்கக் கூடாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அம்மா நுரைக்கூடு தேடிக் கிளை கிளையாகப் பார்த்துவிட்டு, அக்கா போன் செய்யும்போது முதலில் அதைத்தான் சொல்கிறாள்.

"இந்த மழைக்கும் வரலடி."

சுற்றுவட்டாரம் முழுக்க மதில்சுவரும் தார்ரோடும் ஆன பிறகு இனி வராது என்று அக்காவுக்குத் தெரியும்.

"வரும்மா. நீ தண்ணி வெச்சிக்கினே இரு" என்கிறாள்.

தவளையைப் பற்றி அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.