கடுகு டப்பாவுக்கு அடியில் இரண்டு சீட்டுகள்

என் கணவர் இறந்தபோது நாங்கள் ஒரு கொலைக்கதையின் நடுவில் இருந்தோம். முடிய இன்னும் மூன்று அத்தியாயம் பாக்கி. சென்னைக் குதிரைப் பந்தயத்தில் நடக்கும் கொலை அது. ஜெயித்து வந்த ஜாக்கியை, பந்தயம் முடிந்த கையோடு, எடை பார்க்கும் அறையில் யாரோ குத்திக் கொன்றுவிடுகிறார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் நாங்கள் பார்த்த குதிரையெல்லாம் ரயிலடியில் நிற்கும் ஜட்கா வண்டிக் குதிரைதான். அது ஓடி யாரும் பார்த்ததில்லை. முதல் அத்தியாயத்தை அவர் வாசித்த அன்று என் மாமியார் சுவரில் சாய்ந்தபடி கேட்டார்: "ஜாக்கின்னா லாரிய தூக்கறதாச்சே, அத்த எப்பிடிடா குத்தறது?" குதிரை ஓட்டுகிறவனுக்கும் அதுதான் பெயர் என்று புரியவைப்பதற்குள் அன்றைய வாசிப்பே முடிந்துவிட்டது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. டீச்சர் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. துப்பறியும் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தேரடிப் பக்கம் புத்தகம் பைண்டு செய்யும் பாய் ஒருவர் கடையிலேயே நாவல்களை வாடகைக்கும் கொடுத்துவந்தார். அங்கிருந்து கொண்டுவருவார். சாயங்காலம் நான் காய் நறுக்குவேன், அவர் உரக்கப் படிப்பார், படிக்கத் தெரியாத மாமியார் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்.

கதையில் துப்பறிகிறவர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, மடித்து, கடுகு டப்பாவுக்கு அடியில் வைப்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிச்சத்தைப் படித்து முடித்த பிறகுதான் சீட்டைப் பிரிக்கலாம். தோற்றவர் இட்லிக்கு மாவாட்ட வேண்டும். இதுதான் எங்கள் பந்தயம்.

பத்துக்கு எட்டு தடவை தோற்றது அவர்தான். மோதிரத்தைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஆம்பள மாவாட்டறத எங்கனா பாத்துருக்கியாடா?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். "பந்தயம்னா பந்தயம்மா" என்பார் அவர். வாரம் முழுக்கக் கரும்பலகையில் எழுதி எழுதி எனக்கு மணிக்கட்டு வலி உண்டு. ஜெயித்த திமிரில் நான் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, "நல்லா மையா ஆட்டுங்க" என்று வேறு சொல்வேன்.

அந்தக் குதிரைப் பந்தயக் கதையில் நான் எழுதியது எடை பார்க்கும் குமாஸ்தாவை. குமாஸ்தாக்களை நம்பக் கூடாது என்று அவரைச் சீண்டவே எழுதினேன். வியாழக்கிழமை சீட்டு வைத்தோம். வெள்ளிக்கிழமை ஆபீஸில் மேஜைமேல் தலையைச் சாய்த்திருக்கிறார். தூங்குகிறார் என்று கொஞ்ச நேரம் யாரும் எழுப்பவில்லையாம்.

நான் அழவில்லை. வந்தவர்களுக்குப் பாய் விரித்தேன், தண்ணீர் கொடுத்தேன். "அழுதுடும்மா, உள்ளயே வெச்சுக்காத" என்று பெண்கள் என் தோளை உலுக்கினார்கள். உலுக்கியது தெரிந்தது. அவ்வளவுதான். கார்த்திகை வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் விளக்கில்லை. மலையில் தீபம் தெரிந்ததும் தெருவே அரோகரா என்று கத்தியது. நானும் கொல்லையில் நின்று கைகூப்பினேன். கொடியில் கிடக்கும் துணி இன்னும் காயவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. அவர் யார் பெயரை எழுதினார் என்று தெரிய வேண்டும். ஆனால் கதையை முடிக்காமல் சீட்டைப் பிரிக்கக் கூடாது. முடித்துப் பிரித்துவிட்டால், அதற்கப்புறம் அவரிடமிருந்து எனக்கு வர வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. அதனால் தொடவில்லை. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அடுப்படியைத் தலைகீழாக்கினார்கள். அப்போதும் கடுகு டப்பாவை யாரும் நகர்த்தினார்களா என்று மட்டும் கேட்டேன். பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

எல்லோரும் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"யார்தாம்மா கொன்னது? படி."

படித்தேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் மூன்று அத்தியாயத்தையும் வாசித்தேன். கொன்றது எடை பார்க்கும் குமாஸ்தா. நான் ஜெயித்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. டப்பாவை நகர்த்தி அவர் சீட்டைப் பிரித்தேன்.

'ஜமீன்தார். சந்தேகமே இல்லை.'

மாமியாரிடம் சொன்னேன். "அப்ப அவன்தான் தோத்தான்" என்றவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். ஆட்டுக்கல் சுற்றும் சத்தம் கேட்டது. நானும் எழுந்து, புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

பாய் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எதையாவது பேச வேண்டுமே என்று, அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த நாள்காட்டித் தாளைக் காட்டினேன். எங்கள் வீட்டுக்கு வரும் புத்தகம் எல்லாவற்றிலும் அப்படி ஒன்று இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

"தேதி தாண்டி ரொம்ப நாள் ஆயிடுச்சு பாய்."

"தேதியா? அத்த நான் ஒட்டறதில்லீங்க டீச்சரம்மா. சார்தான் ஒட்டுவாரு" என்றார் பாய். "எவனோ ஒரு படுபாவி, புத்தகம் படிச்சுட்டு, கொலகாரன் யாருன்னு அட்டைலயே எழுதிட்டுப் பூடறான். சார் எடுத்துட்டுப் போறப்ப இங்கயே நின்னு மேல ஒரு தாள ஒட்டிடுவாரு. வீட்ல படிக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதும்பாரு."

சோற்றுப் பருக்கையால் ஒட்டிய தாள். ஓரத்தைக் கிள்ளியதும் உரிந்து வந்தது. அடியில் ஊதாப் பென்சிலில், கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'எடை குமாஸ்தாதான் கொன்னான்.'

அவருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் ஜமீன்தார் என்று எழுதினார். குமாஸ்தா வரும் இடத்திலெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்தி நிறுத்தி வாசித்தாரே, அதைச் சளி என்று நினைத்து நான் அவருக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

தாளை மறுபடி அழுத்தி ஒட்டினேன். அது ஒட்டி நிற்கவில்லை. கொஞ்சம் பசை கேட்டு வாங்கித் தடவி, இனி எடுத்துப் போகிறவர்கள் கண்ணில் படாதபடி நான்கு மூலையையும் நீவிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினேன்.

வீட்டில் மாமியார் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்து சொன்னேன்: "அவருக்கு எல்லாம் தெரியும்மா. வேணும்னே தோத்திருக்காரு. என்னை ஏமாத்தியிருக்காரு."

அவர் குழவியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"உனக்கு இப்பதான் தெரியுதா? நீ சீட்ட பிரிக்கறதுக்கு முன்னாடியே அவன் மோதிரத்த கழட்டி மாடத்துல வெச்சுடுவானே. எத்தினி வாட்டி பாத்திருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவன் எந்த சாக்க வெச்சு மாவாட்டுவான்?"

மாவு ஒட்டியிருந்த அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஓவென்று அழுதேன்.