குடிக்காதவனின் கை நடுக்கம்

நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியபோது எந்திரத்தின் மேல்தான் பழியைப் போட்டேன். நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத எந்திரத்தை ஓட்டுகிறவன் நான். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸில் வந்து படுத்தாலும் உடம்புக்குள் அந்த அதிர்வு கொஞ்ச நேரம் ஓயாது. இந்த முறை இறங்காமல் தங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருஷ அனுபவசாலியின் முட்டாள்தனம்.

அப்புறம் கை நடுங்கியது. மனைவி தரும் டீ கிளாஸைப் பிடித்தால் பாதி சட்டையில். வயிறு நிறையச் சாப்பிட்டும் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. மார்கழியிலும் வியர்த்துக் கொட்டியது.

ஒருநாள் இன்சார்ஜ் என்னை எந்திரத்திலிருந்து இறக்கிவிட்டார். நான் குடித்துவிட்டு வருவதாகப் புகாராம். டாக்டரிடம் சான்று வாங்கி வந்தால்தான் மறுபடி ஏற்றுவாராம். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவனில்லை நான். கூட நின்றவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் தினமும் எனக்கு இடம் பிடித்து வைக்கிற நண்பன்தான் போட்டுக் கொடுத்திருப்பான் என்று முடிவுகட்டி, அவனோடு பேச்சையே நிறுத்தினேன்.

நாடியைப் பிடித்ததும் டாக்டரின் முகம் மாறியது. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார். கழுத்திலிருக்கும் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அது இதயத்தை விரட்டுகிறது, விரட்டிய விரட்டலில் துடிப்பு தாளம் தப்பிவிட்டது என்றார். இப்படியே விட்டால் இதயம் களைத்துப்போகும். உள்ளே ரத்தம் கட்டி மூளைக்கும் போய் அடைக்கலாம். மாத்திரையில் அடக்கிவிடலாம் என்றார். கை நடுக்கமும் அதனால்தான் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் பெரிதாகப் படவில்லை. குடிகாரன் என்ற பெயர் போனதே போதும் என்றிருந்தது.

ரிப்போர்ட்டை இன்சார்ஜ் மேஜையில் வைத்து, இப்போதாவது சொல்லுங்கள், யார் புகார் செய்தது என்றேன். அவர் அதை மடித்து என்னிடமே நீட்டினார்.

"உங்க வூட்லேந்துதாங்க போன் வந்துச்சு. மெஷின்ல ஏத்தாதீங்கன்னு அழுதாங்க."

நண்பனை நினைத்து வெட்கப்பட்டேன். மனைவியை நினைத்து அதைவிட நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். இரண்டு முறை படித்தாள். அவளுடைய அண்ணன் குடித்தே செத்தவன்; அவன் கையும் இப்படித்தான் நடுங்கும், பயந்துவிட்டேன் என்றாள். பயம் புரிந்தது, மனசு ஆறவில்லை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டிருந்தா இல்லன்னுதான் சொல்லியிருப்பீங்க," என்றாள். "நான் நம்பியிருக்க மாட்டேன்."