மிசினுக்கு ஒரு பங்கு

எங்கள் சோடாக் கம்பெனியைத் திறந்த அன்று அங்கே இருந்தவர்கள் அய்யா, ஆத்தா, ஆத்தாளின் இடுப்பில் தங்கச்சி, கொழும்பிலிருந்து திரும்பியிருந்த மாமா, கீழக்கரை மரைக்காயர், நான். வராதவர் சம்மாட்டி. அதுவரை அய்யா கடலுக்குப் போய்க்கொண்டிருந்த வள்ளத்துக்கு அவர்தான் சொந்தக்காரர். ஆள் வராவிட்டாலும் அவருடைய பேச்சு முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தது. "காத்தப் பாட்டில்ல அடச்சு விக்கப் போறானாம்ல! கடக்கரையில காத்துக்குக் காசு குடுக்கிறவன் எவன்டா?" என்று கேட்டாராம். கம்பெனி முங்கியதும் அய்யா தாராளமாகத் திரும்பி வரலாம் என்றும், வரும்போது என்னையும் கூட்டிவந்தால் எனக்கு அரைப்பங்கு போட்டுத் தருவதாகவும் சொல்லியனுப்பியிருந்தார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். அரைப்பங்கு என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆத்தாதான் வெடுக்கென்று சொன்னாள்: "எம்புள்ளைக்கு அரைப்பங்கு வேணாம். முழுப் படிப்பு வேணும்."

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தர்காவுக்குப் போகும் பாதையோரம் நாலு பனங்கம்பு, மேலே ஓலை. நடுவில் பச்சைச் சாயம் பூசிய இரும்பு மிசின். அதில் பாட்டிலைச் செருகி, கேஸைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றினால் பாட்டில் தலைகீழாகக் குட்டிக்கரணம் போடும். உள்ளே கிடக்கும் கோலிக்குண்டு ஓடிவந்து கழுத்தை அடைத்துக்கொள்ளும். மாமா கொழும்பில் ஒரு சோடாக் கம்பெனியில் இந்தக் கைப்பிடியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். பலகையில் பெயர் எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘சோடாக் கம்பெனி’ என்று எழுதினேன். நடுவில் எதற்கு ஒரு ‘க்’ என்று மாமா சண்டைக்கு வந்தார். வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்றேன். "உங்க வாத்தியாரு சோடா குடிச்சிருக்காராலே?" என்று கேட்டார். இலக்கணம் தோற்கவில்லை, ‘க்’ அப்படியே இருந்தது.

மிசினும் கேஸும் பாட்டில்களும் மரைக்காயர் பணத்தில் வந்தவை. அவருக்குக் கொழும்பில் கடை உண்டு. அங்கே மாமா கலந்துகொடுத்த சோடாவைக் குடித்துப் பார்த்தவர். இங்கேயும் ஒரு வாடகைச் சைக்கிள் கடையிலும் ஒரு தையல் கடையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. கையில் வேலை இருந்து மடியில் காசு இல்லாத ஆளைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். திறப்பு அன்று முதல் பாட்டிலை அவர் கையில் கொடுத்து, அய்யா தலையைச் சொறிந்தபடி, வட்டி எவ்வளவு மொதலாளி என்று கேட்டார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! வட்டி எங்களுக்கு ஹராம் தம்பி. இது கடன் இல்ல, கூட்டு. நான் மொதலாளியும் இல்ல, கூட்டாளி. எம் பங்கக் குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் குண்டை அமுக்கினார். சோடா பீய்ச்சி அவருடைய வெள்ளைத் தாடியெல்லாம் நுரைத்தது. தங்கச்சி கை தட்டினாள். அன்று மத்தியானமே அவர் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார்.

அவர் சொன்னதில் அய்யாவுக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: பங்கு.

கடற்கரையில் பங்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். வள்ளம் கரை தட்டியதும் பிடித்த மீனை மணலில் கொட்டி, வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று கூறு வைப்பார்கள். பங்குக்காரன் ஊரில் இல்லாவிட்டாலும் அவன் கூறு அவன் வீட்டுக்குப் போய்விடும். அடுத்தவன் பங்கை வீட்டில் வைத்துக்கொண்டு கஞ்சி குடிப்பவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

ஆகவே முதல் நாள் சாயங்காலம், வியாபாரம் முடிந்து மாமா கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அய்யா புதிதாக அடைத்த பாட்டில்களை மணலில் வரிசையாக இறக்கினார். மிசினுக்கு ஒரு பங்கு. கேஸுக்கு ஒரு பங்கு. மாமாவுக்கு ஒரு பங்கு. அய்யாவுக்கு ஒரு பங்கு. நாலு கூறு. மிசினும் கேஸும் மரைக்காயருடையவை என்பதால் அந்த இரண்டு கூறும் ஆத்தாளின் மீன்கூடையில் ஏறின.

மாமாவுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "மச்சான், சோடாவையா பங்கு வைக்கிறீக?"

"பின்ன? பிடிச்சதுலதானே பங்கு."

"இது மீனில்ல மச்சான்!"

"மீனோ சோடாவோ, பங்கு பங்குதான் மாப்ள. அந்த மனுசன் ஊர்ல இல்லைன்னு ஏமாத்தச் சொல்றியா?"

அக்காள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு மச்சானிடம் அதற்கு மேல் எப்படிப் பேசுவது? மாமாவுக்குச் சோடா கலக்கத் தெரியும். கூட்டு வியாபாரம் அவருக்கும் புதிதுதான். துடைத்த கைப்பிடியையே மறுபடி துடைத்தார்.

மரைக்காயர் வீட்டு அம்மாளை ஆத்தா, அவர்கள் வழக்கப்படி அக்காளைக் கூப்பிடுவதுபோல, ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். மீன் விற்கப் போய்ப் பழகிய வீடு. கூடையை இறக்கியதும் ராத்தா கன்னத்தில் கைவைத்தார். "என்ன புள்ள இது? இம்புட்டுச் சோடாவ வச்சு நான் குளிக்கவா?"

"உங்க பங்கு ராத்தா. வேணாம்னு சொல்லப்படாது."

சோடாக் கம்பெனியில் தனக்குப் பங்கு உண்டு என்று கணவர் சொல்லிவிட்டுப் போனது ராத்தாவுக்கும் நினைவிருந்தது. அந்தப் பங்கு இப்படித்தான் தினமும் கூடையில் வரும் போலிருக்கிறது என்று அவரும் எடுத்துக்கொண்டார். வந்த விருந்தாளிக்கெல்லாம் சோடா. அண்டை வீட்டுக்குச் சோடா. வயிற்றுவலி என்று வந்த கிழவருக்குச் சோடா. ஓதிக்கொடுக்க வந்த லெப்பைக்கு ரெண்டு சோடா. ஒரு நிச்சயதார்த்தத்துக்கே எங்கள் சோடா போனது. நான் ஆத்தாளோடு போகும்போதெல்லாம் எனக்குத் தட்டில் வட்டிலப்பம் கிடைத்தது. எங்கள் தொழில் இத்தனை சீக்கிரம் ஓங்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

பாட்டில்கள் மட்டும் திரும்பி வரவில்லை. மீனைப் பங்கு கொடுத்தவன் அதன் முள்ளைத் திருப்பிக் கேட்பானா? அய்யாவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று ஆத்தாளுக்கும் கண்டிப்பு. ராத்தா வீட்டில் பாட்டில்கள் முற்றத்திலும் கட்டிலுக்கு அடியிலும் நிறைந்தன. சிலவற்றில் மண்ணெண்ணெய், சிலவற்றில் நன்னாரிச் சர்பத். போன வழியெல்லாம் பையன்கள் பச்சைக் கண்ணாடிக் குண்டு வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டிலின் கழுத்தை உடைத்தால் ஒழிய அந்தக் குண்டு வெளியே வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் கம்பெனிக் குண்டு ஊர் முழுவதும் உருளுகிறதே என்று நெஞ்சு விம்மியதைத்தான் சொல்ல வேண்டும்.

கந்தூரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா பாட்டில்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மிசின்மேல் உட்கார்ந்துவிட்டார். தர்கா கந்தூரித் திருவிழாவுக்கு முதுகுளத்தூர்ப் பக்கமிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு சனம் வரும். அந்த மூன்று நாள் வியாபாரத்தை நம்பித்தான் சர்க்கரையும் எசன்ஸும் கடனுக்கு வாங்கியிருந்தது. இருப்பதோ இரண்டு கூடைப் பாட்டில்.

"நான் கொழும்புக்கே போறேன் மச்சான். இங்கன இருந்து காத்தச் சுத்தறதுக்கு அங்கன சம்பளமாச்சும் வரும்" என்றார் மாமா. பெட்டியையும் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்.

மாமா போய்விட்டால் மிசினைச் சுற்ற ஆளில்லை. மிசின் நின்றால் சம்மாட்டியின் வாசல்தான். அங்கே அய்யாவுக்கு ஒரு பங்கு, எனக்கு அரை. ஆத்தா என் சிலேட்டை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். உடையாமல் இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் காலையில் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று கலகலவென்ற சத்தத்தோடு வந்து கொட்டகை முன்னால் நின்றது. முன்னால் மரைக்காயர். கொழும்பிலிருந்து இறங்கிய சட்டை கூட மாற்றவில்லை. மிசினைத் தூக்கிப்போக வந்துவிட்டார் என்றே நினைத்தோம். அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். மரைக்காயர் வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார்.

"ஏன் தம்பி, வீட்டுக்குள்ள நொழையுறேன், கால் வைக்க எடமில்ல. கட்டில்ல படுத்தா கீழ கடகடங்குது. எம் பங்குன்னு அவ சொல்றா! நான் லாபத்துல பங்கு கேட்டா, நீ சோடாவையே அறுத்துக் கூறு வச்சிட்டியே!"

"பிடிச்சதுலதானே மொதலாளி பங்கு?" என்றார் அய்யா.

மரைக்காயர் மணலில் உட்கார்ந்தார். அய்யாவையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். முதலில் சர்க்கரைக்கும் கேஸுக்கும் எடுத்துவை. பிறகு உன் கூலி, உன் மச்சினன் கூலி. அதற்குப் பிறகு ஏதாவது மிஞ்சினால் அதில்தான் எனக்குப் பாதி என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

"மிஞ்சலைன்னா?"

"மிஞ்சலைன்னா எனக்கும் இல்ல."

அய்யா திரும்பி மாமாவைப் பார்த்தார். இந்த மனிதருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்கிற பார்வை அது. மாமா அதற்குள் வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பாட்டில்களை இறக்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் கயிற்றை அவிழ்த்து அதைக்கொண்டே பாட்டில்களைக் கட்டினார்.

அந்தக் கந்தூரியை நான் எப்படிச் சொல்ல? மாமா சுற்றினார், அய்யா கழுவினார், ஆத்தா காசு வாங்கினாள், நான் குண்டு அமுக்கினேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அதைவிட வேடிக்கை, வந்தவர்கள் எல்லாம் "மரைக்காயர் வீட்டுச் சோடாதானே இது?" என்று கேட்டுக்கேட்டு வாங்கினார்கள். இரண்டு மாதமாக ராத்தா கையால் ஓசியில் குடித்த ஊர், இப்போது காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கல்யாண வீட்டிலிருந்து முன்பணம் வந்தது. பின்னாளில் மதுரைக் கல்லூரியில் வணிகவியல் படித்தபோது, விளம்பரம் என்ற பாடத்தில் சிரித்துவிட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டேன். சம்மாட்டியும் கடைசி நாள் வந்தார். ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "காத்து நல்லாத்தான்டா இருக்கு" என்றார். அய்யா அவரிடம் காசு வாங்கிக்கொண்டார்.

கந்தூரி முடிந்த மறுநாள் கணக்குப் பார்க்க மரைக்காயர் வந்தார். எல்லாச் செலவும் கழித்து மிஞ்சியதைப் பாதியாகப் பிரித்தார்கள். பிறகு உடைந்த பாட்டில்கள் பேச்சுக்கு வந்தன. அறுபத்திரண்டு. பாட்டில் நாலணா என்றால் பதினைந்து ரூபாய் எட்டணா.

"ஒடச்சது எம் வீட்டுப் புள்ளைக. அது என்னைச் சேர்ந்தது" என்றார் மரைக்காயர்.

"அனுப்புனது நான். எந் தலையில எழுதுங்க" என்றார் அய்யா.

"அப்ப நீ எனக்குக் கூட்டாளி இல்லையா? லாபத்துல மட்டும் பாதியா? நட்டமும் பாதிதான் தம்பி" என்று சொல்லி, மரைக்காயர் மடியிலிருந்து ஏழு ரூபாய் பன்னிரண்டு அணாவை எடுத்துச் சோடாப் பெட்டிமேல் வைத்தார்.

அய்யா அந்தக் காசைத் தொடவில்லை. எழுந்து போய், பாட்டில் இல்லாத வெறும் மிசினின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வள்ளத்தில் வலை கிழிந்தாலும் நங்கூரம் போனாலும் அந்த நட்டத்தைச் சம்மாட்டி ஆட்கள் தலையில்தான் எழுதுவார். அய்யாவின் பதினாறு வயதிலிருந்து அப்படி எழுதிய கடன்தான் வளர்ந்துகொண்டே வந்தது. நட்டத்தில் என் பாதி என்று சொல்லிக் காசை எடுத்து வைத்த ஒரு ஆளை அவர் அன்றுதான் பார்க்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு. பதினைந்தரை ரூபாய் வேண்டிய இடத்தில் பாதிதான் இருக்கிறது. அதனால்தான் அய்யா அழுகிறார் என்று முடிவு செய்து, மாமாவின் காதில் கேட்டேன்:

"மிச்சப் பாதிய யாரு மாமா குடுப்பா?"

மாமா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். "நாமதான்லே!" என்றார். அவரும் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அய்யா கூட்டாளியாவதற்கு எங்களுக்குக் கடைசியில் ஆன செலவு, ஏழு ரூபாய் பன்னிரண்டு அணா.