மஸூத் விடப் பழகிய கதை

என் தம்பி மஸூதுக்கு முப்பத்து மூன்று வயது. திருமழிசை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறான். வாரத்தில் ஆறு நாள் நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பூந்தமல்லியிலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு கோவளம் போய்க் கடலில் காத்தாடி விடுவான். நம் மொட்டைமாடிக் காத்தாடி இல்லை. ஓர் அறையையே மூடுகிற அளவுக்குத் துணி, அதற்கு நாலு கயிறு, கையில் பிடிகம்பு, காலுக்குக் கீழே பலகை. காற்று இழுக்கும், இவன் அலைமேல் வழுக்கிக்கொண்டு போவான். அங்கே இதற்குப் பள்ளி நடத்துகிற கிருபாகரன், உடைந்த கொக்கி ஒன்றைக் கடைந்து வாங்க இவன் பட்டறைக்கு வந்ததில் தொற்றிய பைத்தியம். இந்த வயதில் இது தேவையா என்று நான் திட்டாத வாரமில்லை.

கயிறு சிக்காமல் பார்த்துக்கொள்வதில் இவனை அடிக்க ஆளில்லை. மணலில் நாலு கயிற்றையும் விரித்து, விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பான். சின்ன முறுக்கு இருந்தாலும் கிளம்ப மாட்டான். போட்ட சட்டையை மடித்து வைக்கத் தெரியாத கழுதை, கயிற்றை மட்டும் எட்டுப் போட்டுச் சுற்றி வைப்பான்.

வினை வானத்தில்தான் வந்தது. இன்னொருவர் காத்தாடியோடு பின்னிக்கொண்டால் இழுக்கவே கூடாது. நெஞ்சுக்கு நேரே ஒரு சிவப்புப் பிடி இருக்கும். அதைத் தள்ளினால் காத்தாடி தளர்ந்துவிடும். ஆனால் நாங்கள் பூந்தமல்லி மாடிகளில் வளர்ந்தவர்கள் ஆயிற்றே! அவன் காத்தாடி விடுவான், நான் நூல்கண்டு பிடிப்பேன். இரண்டு நூல் குறுக்கிட்டால் அது டீல். எதிராளி நூல் அறுகிறவரை இழுக்க வேண்டும். கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூலைத் தடை செய்தபோது நூல்கண்டைத் தூக்கிப் போட்டோம். கைப்பழக்கத்தை எங்கே போடுவது?

மார்ச் மாதம் கிருபாகரனுடைய காத்தாடியோடே இவனுடையது பின்னிக்கொண்டது. இவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அந்த மனுஷனுக்குத் தோள் பிசகிவிட்டது.

"மஸூது, இது டீல் இல்ல. இன்னொரு வாட்டி இழுத்தீன்னா தண்ணி பக்கமே உட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான்.

"இழுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. கைக்குத்தான் தெரில" என்றான்.

"அப்ப கைக்குச் சொல்லிக் குடுப்போம். நான் திடீர்னு 'உடு'ன்னு கத்துவேன். கைல இன்னா இருந்தாலும் போட்டுடணும்" என்றேன்.

யோசனை சொன்ன என் வாயை என்ன செய்வது! மூன்று டீ கிளாஸும் ஒரு தட்டு முட்டையும் உடைந்தன. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இரண்டு கிலோ வெங்காயம் உருண்டு ஓட, கண்டக்டர் ஒருவர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். "யாராச்சும் பாத்தா இன்னாடா நெனைப்பாங்க?" என்று நான் பல்லைக் கடித்தால், "நெனைக்கட்டும்க்கா, நீ கத்து" என்பான்.

அதற்கு நடுவில் பள்ளியில் கழித்துப் போட்ட கிழிந்த காத்தாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் தையல்காரி. என் மெஷினில் மூன்று மாதம் அதை ஒட்டுப்போட்டேன். இருபது வருஷத்தில் அப்படி ஒரு தையல் நான் தைத்ததில்லை. அவனுக்கென்று சொந்தமாக அமைந்த முதல் காத்தாடி அதுதான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அதைப் பார்க்க நானும் கோவளம் போனேன். என் தையல் வானத்தில் பறந்தது. கர்வத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ஆவடியிலிருந்து வந்து புதிதாகக் கற்றுக்கொள்கிற நர்ஸ் யுவராணி வழி தவறிக் குறுக்கே வந்தாள். இரண்டு காத்தாடியும் பின்னிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. அந்தப் பெண் தண்ணீரில் இழுபட்டு அலறினாள். கிருபாகரன் கரையில் எழுந்து நின்றுவிட்டார்.

என் தம்பியின் காத்தாடி போகப்போகிறது என்பது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"இழுடா மஸூது! இழு!"

யா அல்லாஹ், கத்தியது நான்தான். ஐந்து மாதமாக 'உடு, உடு' என்று கத்திய இதே வாய்தான்.

மஸூத் சிவப்புப் பிடியைத் தள்ளினான். இடுப்போடு பிணைத்திருந்த கடைசிக் கயிற்றையும் கழற்றினான். இரண்டு காத்தாடியும் தளர்ந்து தண்ணீரில் விழுந்தன. யுவராணி தன்னுடையதையும் கழற்றிவிட்டு, இருமிக்கொண்டே நீந்தி வந்தாள். அவளுடைய காத்தாடியைப் பிடித்துவிட்டார்கள். எங்களுடையது பாறையில் மாட்டி நார்நாராகக் கிழிந்தது.

கிருபாகரன் ஓடிப்போய், நீந்திக் கரையேறிய இவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் வா. தண்ணில எறங்குறதுக்கு இனிமே என்னைக் கேக்காதே" என்றார்.

மஸூத் நேரே என்னிடம் வந்தான்.

"போச்சுக்கா. உன் தையல் பூரா போச்சு."

"போனா போவுது, சோமாரி. நீ வந்துட்டே இல்ல" என்று முதுகில் ஒன்று வைத்துக் கட்டிப்பிடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ கத்துனியாக்கா? இந்தக் காத்துல எனக்கு ஒண்ணும் காதுல உழல. கை தானா உட்டுச்சு" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "உடுன்னுதானே கத்துனே?"

"பின்னே? வேற இன்னாடா கத்துவேன்?" என்றேன்.