வளைவில் மட்டும் வந்த சத்தம்

எங்கள் காருக்குக் கேடு வந்தது கூடலூர் ரோட்டில்தான் என்று என் வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். ஸ்ரீமதுரையில் இருக்கும் என் அக்காவைப் பார்த்துவிட்டு அருவங்காட்டுக்குத் திரும்பிய சில நாளிலேயே, வளைவு வந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். நேர் ரோட்டில் வாயே திறக்காது. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒரு டொக், நிமிர்த்தினால் இன்னொரு டொக். சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்றேன் நான். பேக்டரியில் பிட்டராக இருந்து ரிட்டயரான மனுஷனுக்கு என் காது எம்மாத்திரம்? முன்னால்தான் என்று சாதித்துவிட்டார். குண்டும் குழியுமான அந்த ரோடு சஸ்பென்ஷனைப் பதம் பார்த்துவிட்டது என்று சொன்னார்.

சத்தம் வந்த நேரமும் சரியில்லை. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு இளைப்பு ஆரம்பித்திருந்தது. அத்தான் போன பிறகு பாக்கு, மிளகு, தென்னை என்று எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், கிணற்றடி வரை நடந்தாலே உட்கார வேண்டும் என்றாள். வந்து பத்து நாள் என்கூட இரு என்று போனில் கேட்டாள். என் அக்கா யாரிடமும் எதையும் கேட்கிறவள் அல்ல, கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். அவளே கேட்டுவிட்டாள் என்றால் போயாக வேண்டும்.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். பஸ்ஸில் ஏறினால் தலைகுந்தா தாண்டுவதற்குள் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும். ஒரு தடவை பாதியில் இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. கார்தான் கதி. சத்தம் போடுகிற வண்டியை அந்த இறக்கத்தில் விட மாட்டேன் என்று அவர் சொன்னதிலும் தப்பில்லை. அடியில் ஏதாவது கழன்றால் கார் எந்தத் தேயிலைச் சரிவில் போய் விழும் என்று மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குன்னூரில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் உண்டு. அவர் முதலில் டிக்கியைத் திறந்து, மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வைத்திருந்த கல்லை எடுத்துக் கீழே போட்டார். இந்த ஊரில் கல் இல்லாத டிக்கி ஏது? அதுதான் உருளுகிறது என்று சிரித்தார். ஒரு சுற்றுப் போய்வந்தபோது சிரிப்பைக் காணோம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். லிவரைக் கொடுத்து ஒவ்வொரு இடமாக நெம்பிப் பார்த்தார். மேடு பள்ளத்தில் வராமல் திருப்பத்தில் மட்டும் வருவதால் லிங்க் ராடாக இருக்கும் என்றார். பொய் சொல்லவில்லை. கழற்றிய ராடை என் கையிலேயே கொடுத்தார், கிழவன் பல்லைப் போல ஆடியது.

புது ராடு போட்டதும் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. குறைய வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன. வெலிங்டன் வளைவிலேயே மறுபடியும் டொக். அடுத்ததாக லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறது என்றார். அது கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடே அடைத்துவிட்டது. புஷ் வந்தது, மாட்டினார், சத்தம் போகவில்லை. இனி ஷாக் அப்சார்பர்தான் பாக்கி என்றார்.

அக்கா போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வியே அதுதான்.

"சத்தம் நின்னுச்சா?"

"எங்கக்கா. புஷ்ஷு வரோணுமாம்."

"வரட்டும், வரட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல. வளைவு ரோடு, சரி பண்ணிக்கிட்டே வாங்க."

பிறகு லோயர் ஆர்ம் என்றால் என்ன, அது எங்கே இருக்கும் என்று நான் விளக்குவேன். அவளும் மூச்சு வாங்க வாங்கக் கேட்டுக்கொள்வாள். அவள் சாப்பிட்ட மாத்திரையின் பேர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் காரின் சாமான் பேரெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஷாக் அப்சார்பர் வருவதற்குள் ஒரு நாள் காலையில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாளாம்.

அந்தக் காரிலேயேதான் போனோம். போகலாமா கூடாதா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழி நெடுக, ஒரு வளைவு விடாமல் டொக், டொக் என்று அடித்துக்கொண்டே வந்தது. ஒரு நட்டு கழலவில்லை. இத்தனை நாள் போகவே முடியாது என்று நிறுத்தி வைத்திருந்த வண்டி எங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய் அக்கா வீட்டு வாசலில் விட்டது.

காரியம் முடிந்து திரும்பும்போது நடுவட்டத்தில் ஒரு டீக்கடைக்கு முன்னால் டயர் பஞ்சர். அவர் டிக்கியைக் காலி செய்து, ஸ்டெப்னியின் திருகைக் கழற்றி, சக்கரத்தைத் தூக்கினார். அடியில் விரித்திருந்த பழைய சாக்கு ஒரு மூலையில் புடைத்துக்கொண்டிருந்தது. விலக்கினார். ஒரு தேங்காய்.

உச்சியில் நாரைக் கொத்தாக விட்டு உரித்த தேங்காய். அப்படி உரிப்பது அக்கா மட்டும்தான், நாள்பட இருக்குமாம். குளிரில் தென்னை வராத ஊரில் குடியிருக்கிற நாங்கள் பாவம் என்று கேலி பேசிக்கொண்டே போன தடவையும் டிக்கி நிறையப் போட்டாள். அன்றைக்கும் அவள் வீட்டு வாசலில் டயர் இறங்கியிருந்தது. இவர் ஸ்டெப்னியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார், அவள் பாட்டுக்குத் தேங்காயைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று உருண்டு சாக்குக்கு அடியில் போயிருக்கிறது. பிறகு பஞ்சர் கடையில் ஒட்டிய டயரை அதன்மேல் வைத்துத் திருகிவிட்டார்கள். இறுகத் திருகிய சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க பாய்க்குத்தான் தோன்றுமா, எங்களுக்குத்தான் தோன்றுமா?

பின்னால் என்று அப்போதே சொன்னேனே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல் கோபப்பட முடியாது, பாய் மேல் முடியாது. தேங்காய் கொடுத்தவள் மேல் முடியுமா?

சக்கரத்தை மாற்றிவிட்டுக் கிளம்பினோம். தேங்காயை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் வளைவில் இரண்டு பேரும் காதைக் கொடுத்தோம். சத்தமே இல்லை. அடுத்ததிலும் இல்லை. பைக்காரா வரைக்கும் ஒரு வளைவிலும் இல்லை. அப்புறம் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வண்டி நல்லாத்தான் இருந்திருக்குது, அம்மிணி. போயிருக்கலாம்."

"ஆமாங்க" என்றேன். "போயிருக்கலாம்."