பஸ் ஓட்டும் அப்பா

மேல்விஷாரத்தைத் தாண்டும்போது தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை பஸ்ஸுக்குள் வந்தது. "ஜன்னல மூடும்மா, ஒரே பேஜாரு," என்றார் பக்கத்து சீட்டு அக்கா. கண்ணாடியில் கை வைத்தேன். ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் பீரியட் நினைவுக்கு வந்தது.

அன்று பாடம் பாலித் தீவு. கடல் தாண்டி அங்கேயும் இந்துக்கள் இருக்கிறார்கள், காலையில் வாசலில் ஓலைத் தட்டில் பூ வைக்கிறார்கள், தோல் பொம்மைகளின் நிழலில் ராமாயணம் காட்டுகிறார்கள் என்று டீச்சர் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லாக் கேள்விக்கும் கை தூக்கினேன்.

"தோல எப்படிப் பதப்படுத்துறாங்க? யாரோட அப்பாவாச்சும் தோல் ஷாப்ல இருக்காரா? வந்து சொல்லட்டும்."

முதல்முறையாக என் கை எழவில்லை. அப்பாவின் சைக்கிளில் தொங்கி வரும் என் பை நாறுகிறதென்று பின்பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தியது முந்தின வாரம்தான். தோழி பர்வீன் இடித்தாள். "உங்கப்பாதானடி!"

"இல்ல டீச்சர், எங்கப்பா பஸ் ஓட்றாரு."

மதியம், நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவுடன் அப்பா வந்து நின்றார்.

"பஸ் ஓட்றீங்களாமே, எந்த ரூட்டு?" என்றார் டீச்சர்.

அப்பா என்னைப் பார்த்தார். சாயம் ஏறிய விரல்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆம்பூர் ரூட்டு டீச்சர்."

இன்றுவரை அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் அதே ஷாப்பில்தான் இருக்கிறார்.

"இன்னாம்மா, மூடு," என்றார் அக்கா.

மூடிவிட்டேன்.